உள்பக்கம் மட்டும்

நான் தரைக்குக் கல் பதிக்கிறவன். டைல்ஸ்காரர் என்று சொன்னால் சட்டென்று புரியும். இந்த வேலைக்கு ஆள் எவ்வளவு உயரம் என்று யாரும் கேட்பதில்லை. எப்படியும் நாள் பூராவும் அரை ஆள் உயரத்தில்தான் இருக்கப்போகிறான். வலது காலை முன்னால் ஊன்றி, இடது முழங்காலைத் தரையில் குத்தி, கல்லை வைத்து, ரப்பர் சுத்தியலால் நாலு மூலையிலும் தட்டி, நகர்ந்து, மறுபடி குத்தி... இப்படி நான் போட்ட தரைகளை எல்லாம் ஒட்டிப் பரப்பினால் ஒரு சின்ன விமான நிலையமே கட்டிவிடலாம். ஆனால் முதலில் பழுதானது ஓடுபாதை இல்லை, என் இடது முழங்கால்தான்.

ஆரம்பத்தில் வெறும் சத்தம்தான். நான் எழுந்திருக்கும்போது அது ஒரு மாதிரி நறநறவென்று முனகும். சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்.

“என்னங்க, அது கதவா, காலா?”

“கால்.”

“ரெண்டுக்கும் எண்ணெய் போடணும்.”

பிறகு வலி வந்தது. முழங்காலின் உள்பக்கத்தில், சரியாக ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில். மாடிப்படி இறங்கும்போது யாரோ உள்ளே உளி வைப்பது போலக் குத்தும். அப்போதும் நான் விடவில்லை. பஞ்சு மெத்தையை முழங்காலில் கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். மாத்திரை, தைலம், வெந்நீர் ஒத்தடம், உடற்பயிற்சி, மூட்டுக்குள் ஊசி எல்லாம் ஆயிற்று. ஒருநாள் ஒரு வீட்டுக் கூடத்தில் கடைசி வரிசையைப் பதித்துவிட்டு எழுந்திருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. என் மைத்துனனும் தச்சரும் ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்து, பீரோவைத் தூக்குவது போலத் தூக்கினார்கள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா உள்ளே வந்தார்.

“ஐயையோ, மேஸ்திரியையும் சேத்துப் பதிச்சிட்டீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையைப் பூட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

அன்றிலிருந்து தரை வேலை மைத்துனனுக்கு, சுவர் வேலை எனக்கு என்று ஆயிற்று. சுவருக்கு நின்றுகொண்டே கல் பதிக்கலாம். ஆனால் சுவர் ஒரு வேலையா? குளியலறைச் சுவரை யார் பார்க்கிறார்கள்? கண்ணில் சோப்பு போனவன் தடவிப் பார்ப்பான், அவ்வளவுதான். தரை அப்படி இல்லை. ஒரு வீட்டுக்குள் வருகிறவர்கள் எல்லாம் என் வேலையின் மேல்தான் நடந்து வருகிறார்கள். நான் மறுபடி தரைக்கு இறங்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். ராத்திரி படுத்தால் கனவில்கூட வெறும் சுவராக வந்துகொண்டிருந்தது.

என் மைத்துனனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பி, என் கூட்டாளி. எங்கள் வட்டாரத்தில் அவனுக்குப் பெயர் ரசமட்டம். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய்க் கருவி வைத்திருப்போம், உள்ளே ஒரு குமிழி நடுவில் வந்து நிற்கும். அதுதான் ரசமட்டம். இவனும் அப்படித்தான். எதைக் கேட்டாலும் குமிழி நடுவில் வந்து நின்றுவிடும்.

“டாக்டரப் பாக்கலாமாடா?” என்றேன்.

“பாக்கறதும் நல்லதுதான் மாமா. பாக்காம இருந்தாலும் தப்பில்ல.”

அவன் அக்கா நடுவில் நிற்கிற ஜாதி இல்லை. மறுநாள் காலையிலேயே என்னைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

எலும்பு டாக்டர் என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார். என் காலை மடக்கினார், நீட்டினார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தார். நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிப் பேனாவால் காட்டினார்.

“இங்க பாருங்க. உள்பக்கம் மட்டும் எலும்பும் எலும்பும் ஒட்டிக்கிட்டு நிக்குது. நடுவுல இருக்கவேண்டிய வழவழப்பு தேஞ்சுபோச்சு. வெளிப்பக்கம் இடைவெளி அப்படியே இருக்கு. முழங்கால் சில்லுக்குப் பின்னாடியும் பரவாயில்ல. உள்ள இருக்கிற நார் எல்லாம் கெட்டியா இருக்கு, கால் நேராவும் வருது. உங்களுக்குப் பாதி மூட்டு மாத்தினா போதும்.”

“பாதின்னா?”

“தேஞ்ச உள்பக்கத்துக்கு மட்டும் மேலயும் கீழயும் உலோகத்துல தகடு, நடுவுல ஒரு மெத்தை.”

“மிச்சப் பாதி?”

“அது உங்களோடதே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தொழிலில் ஒரு கொள்கை உண்டு. கூடத்தில் ஒரு கல் உடைந்தது, அதை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று யார் வந்து கேட்டாலும் நான் ஒப்புக்கொள்வது கிடையாது. அதே நிறத்தில் கல் கிடைக்காது. கிடைத்தாலும் பழைய கற்களுக்கு நடுவே, கிழவர் வாயில் கட்டிய புதுப் பல் மாதிரி அது மட்டும் பளிச்சென்று சிரிக்கும். பெயர்க்கும்போது பக்கத்துக் கல்லின் ஓரம் வேறு உடையும். எடுத்தால் மொத்தமாக எடு, இல்லையென்றால் தொடாதே. இந்தக் கொள்கையை நான் கையடித்துச் சத்தியம் பண்ணாத குறையாகக் கடைப்பிடித்து வந்தவன். என் காலுக்குள்ளேயே ஒட்டு வேலையா?

“முழுசா மாத்திடுங்க டாக்டர்.”

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “ரெண்டுமே நல்ல ஆபரேஷன்தான். பொறுமையா கேளுங்க. பாதின்னா கீறல் சின்னது, சீக்கிரம் எழுந்து நடப்பீங்க. சொந்தக் கால் மாதிரியே இருக்குன்னு நிறையப் பேர் சொல்றாங்க. ஆனா பின்னாடி மத்த பக்கமும் தேஞ்சா, இல்ல வெச்சது ஆடினா, இன்னொரு தடவை கை வைக்க வேண்டி வரலாம். முழுசா மாத்தினவங்களுக்கு அப்படித் திரும்ப வர்றது குறைவு.”

“பாத்தீங்களா! திரும்ப வரணும்!”

“வரலாம்னு சொன்னேன். வரணும்னு சொல்லல. நிறையப் பேருக்கு அந்தப் பாதியே கடைசிவரைக்கும் ஓடுது.” பேனாவை மூடினார். “சரி, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இந்தக் காலை வெச்சு என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்க?”

இந்த இடத்தில்தான் நான் வழுக்கினேன். மண்டி போட ஆசை என்று சொல்ல நாக்கு எழவில்லை. யோசித்துப் பாருங்கள். எல்லோரும் மலையேற வேண்டும், பேரப்பிள்ளையோடு ஓட வேண்டும் என்று கேட்கிற இடத்தில், தலை நரைத்த ஒரு ஆள், மகள் வயதுப் பெண்ணிடம், நான் முழங்காலில் நிற்க வேண்டும் என்று கேட்டால் எப்படி இருக்கும்? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கொடுத்த தண்டனையை எல்லாம் திருப்பிக் கேட்பது போல இருக்காதா?

“நடந்தா போதும்” என்றேன்.

“வேலை?”

“இப்பல்லாம் சுவர் மட்டும்தான் பாக்கறேன். நின்னுக்கிட்டே.”

பக்கத்தில் என் மனைவி இருமினாள். அவளுக்குச் சளி எதுவும் இல்லை.

செய்தி கேட்டு அன்று சாயங்காலமே சம்பந்தி வந்து சேர்ந்தார். என் மகனுக்குப் பெண் கொடுத்தவர், விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. போன வருஷம் வலது முழங்காலை முழுவதுமாக மாற்றிக்கொண்டவர். அதற்கு முன்பு அந்தக் கால் அடைப்புக்குறி மாதிரி வளைந்து இருக்கும். இப்போது எங்கள் கூடத்தில் வாசலுக்கும் ஜன்னலுக்கும் இடையே அணிவகுப்பு நடத்திக் காட்டினார்.

“முழுசு! வேற பேச்சே வேண்டாம் சம்பந்தி. எனக்கு மூணு பக்கமும் போயிருந்துச்சு, மொத்தமா மாத்தினாங்க. இப்ப பாருங்க. லெஃப்ட்! ரைட்!”

“அதான் சம்பந்தி நானும் சொல்றேன். ஒட்டு வேலை நிக்காது.”

“நிக்காது!”

என் மனைவி டீயை வைத்துவிட்டு, பவ்யமாக ஒரு கேள்வி கேட்டாள். அவள் பவ்யமாகக் கேட்டாலே நான் உஷாராகிவிடுவேன். “அண்ணே, உங்களால கீழ மண்டி போட முடியுதா?”

சம்பந்தி நின்றார். “முடியாம என்ன. டாக்டரும் போடலாம்னுதான் சொன்னார். போட்டும் பாத்தேன். ஆனா அது என்னமோ, எனக்குப் பதிலா வேற யாரோ மண்டி போட்டுக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கும்மா. நமக்கு எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். ஏதாவது கீழ விழுந்தா உங்க பையன் எடுத்துத் தர்றான்.”

அவர் போனதும் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“கேட்டுக்கிட்டீங்களா? அவருக்கு மூணு பக்கமும் போச்சு. அவருக்கு அது சரி. உங்களுக்கு ஒரு பக்கம்தானே போச்சு?”

“எடுத்தா மொத்தமா எடுக்கணும். தொழில் தெரிஞ்சவன் சொல்றேன்.”

“தொழிலா? இந்த வீட்டுத் தரையப் பாருங்க. ஒரு அறையாவது ஒரே நிறத்துல இருக்கா? கண்ட வீட்டுல மிஞ்சின கல்லெல்லாம் கொண்டாந்து ஒட்டி வெச்சிருக்கீங்க. குளியலறைல ஒத்தக் கல்லு மாத்தினீங்களே, எத்தன வருஷமாச்சு? ஆடுதா?”

“ஆடல. ஆனா அது வீட்டு வேலை.”

“காலும் வீட்டுக்காரரோடதுதான்.”

நான் ரசமட்டத்தைப் பார்த்தேன். அவன் டீயைக் குடித்து முடிக்காமலே கோப்பைக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தான்.

“அக்கா சொல்றதும் சரிதான் மாமா. நீங்க சொல்றதுலயும்...”

“போடா.”

கடைசியில் நான் முழு மூட்டுக்கே கையெழுத்துப் போட்டேன். டாக்டர் இன்னொரு தடவை எடுத்துச் சொன்னார், இரண்டில் எதுவானாலும் உங்கள் விருப்பம் என்றார், நான் தலையை ஆட்டினேன். எனக்குப் பயம். திரும்ப வரலாம் என்ற ஒரு வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மண்டி போகட்டும், சுவரோடு காலத்தை ஓட்டுவோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மனசு தேறவில்லை, வாயை மட்டும் மூடிக்கொண்டது.

ஆபரேஷன் அன்று காலை டாக்டர் அறைக்கு வந்து, என் இடது தொடையில் மை பேனாவால் ஒரு அம்பு போட்டுவிட்டுப் போனார். மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். நானும் ரசமட்டமும் தனியாக இருந்தோம். எனக்கு ஒரு கவலை முளைத்தது.

“டேய், ஒருவேளை கால மாத்தி வெட்டிட்டா?”

“அம்பு போட்டிருக்காங்களே மாமா.”

“அம்பு இந்தக் கால்ல இருக்கு. அந்தக் கால்ல ஒண்ணுமே இல்லையே. அது நல்ல காலுன்னு பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்?”

அவன் யோசித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு ஒரு முடிவான யோசனை வந்தது. எங்கள் வேலையில் புதிதாகப் பதித்து இன்னும் இறுகாத கல்லின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்போம். கட்டிட வேலை நடக்கிற இடத்தில் பெயின்டர், தச்சர், எலெக்ட்ரீஷியன் என்று எவன் வந்தாலும் அதைப் பார்த்ததும் தாண்டிப் போய்விடுவான். மிதிக்காதே, தொடாதே என்று அர்த்தம். அவன் சட்டைப் பையில் அதற்கென்றே ஒரு மார்க்கர் எப்போதும் இருக்கும். எடுத்தான். என் வலது முழங்காலில், சில்லின் மேலேயே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பெருக்கல் குறி போட்டான். ஊதிக் காயவைத்தான்.

“இனிமே ஒருத்தரும் கால் வைக்க மாட்டாங்க மாமா.”

“கத்தி வைக்காம இருந்தாச் சரி.”

நிம்மதியாகத் தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு போனேன். தியேட்டருக்கு வெளியே ஒரு நர்ஸ் போர்வையை விலக்கினார். இடது தொடையில் அம்பு. தலையை ஆட்டிக்கொண்டார். வலது பக்கம் போர்வை நகர்ந்தது. பெருக்கல் குறி. அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

“இது யார் போட்டது?”

“என் மச்சான்.”

“டாக்டரா?”

“ரசமட்டம்.”

ஐந்து நிமிஷத்தில் என்னைச் சுற்றி ஒரு கூட்டம். இன்னொரு நர்ஸ், மயக்க மருந்து டாக்டர், கையில் அட்டையோடு ஒருவர், கடைசியாக என் டாக்டர். எல்லோரும் என் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சின்ன வயசிலிருந்து என் கால்களை இத்தனை பேர் சேர்ந்து பார்த்ததே இல்லை.

“எங்க வேலைல பெருக்கல் போட்டா தொடாதேன்னு அர்த்தம் டாக்டர்” என்றேன்.

“எங்க வேலைல, இங்கதான் தொடணும்னு ஒருத்தர் நெனச்சுட்டா?” என்றார் மயக்க மருந்து டாக்டர்.

எனக்கு வியர்த்துவிட்டது. என் நல்ல காலைக் காப்பாற்றப் போய் அதற்குத்தான் நான் முகவரி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

என் டாக்டர் கோபப்படவில்லை. “சரி. அடுத்த பேஷண்ட்டை முதல்ல எடுத்துக்கலாம். இவருக்கு எல்லாத்தையும் திரும்ப முதல்லேர்ந்து கேக்கணும். நாம இவரை இப்பதான் முதமுதல்ல பாக்கறோம்னு வெச்சுக்கோங்க” என்றார்.

முதலில் மையை அழிக்கப் பார்த்தார்கள். அது வழவழப்பான கல்லில் வாரக்கணக்கில் நிற்கும் மை. ஸ்பிரிட்டை ஊற்றி நர்ஸ் தேய்த்த தேய்ப்பில் வலது முழங்கால் தக்காளி நிறத்துக்கு வந்துவிட்டது. அழிவதாக இல்லை. கடைசியில் அந்த முழங்காலையே துணி சுற்றிக் கட்டி மூடினார்கள். பிறகு டாக்டர் என் தலைமாட்டில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“பேர் சொல்லுங்க.” சொன்னேன்.

“எந்தக் கால்?”

“இடது.”

“என்ன ஆபரேஷன்? உங்க வார்த்தையிலயே சொல்லுங்க.”

“மூட்ட முழுசா மாத்தறது.”

“எதுக்காக?”

சாதாரணக் கேள்விதான். அன்றைக்கு அவர் அறையில் கேட்டதும் இதேதான். ஆனால் அன்று நான் சட்டை, பேன்ட், பெல்ட், செருப்பு எல்லாம் போட்டுக்கொண்டு கௌரவமாக உட்கார்ந்திருந்தேன். இப்போது முதுகுப் பக்கம் முழுவதும் திறந்து கிடக்கிற ஒரு பச்சை அங்கி, தலையில் சமையல்காரர் போடுகிற மாதிரி ஒரு காகிதக் குல்லாய், ஒரு காலில் அம்பு, இன்னொரு காலில் கட்டு. இதற்கு மேல் காப்பாற்றுவதற்கு என்னிடம் எந்தக் கௌரவமும் மிச்சமில்லை.

“மண்டி போடறதுக்கு” என்றேன்.

“என்ன?”

“தரை வேலை பாக்கணும் டாக்டர். கீழ இறங்கி. மண்டி போட்டு.”

“சுவர்னு சொன்னீங்களே?”

“சுவர் சும்மா சொன்னது. எனக்குச் சுவரே பிடிக்காது.”

முகக்கவசத்துக்கு மேலே டாக்டரின் கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்கள் சிரிப்பதா, அடிப்பதா என்று யோசிப்பது போல இருந்தன.

“இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?”

“வெக்கமா இருந்துச்சு.”

“மண்டி போட முடியும்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது. யாருக்குமே முடியாது. முழுசா மாத்தினவங்கள்லயும் போடறவங்க இருக்காங்க. பாதி மாத்தியும் போடாதவங்க இருக்காங்க. ஆனா மொத்தத்துல பாதி மாத்தினவங்களுக்கு அது கொஞ்சம் லேசா இருக்குது. உங்க மூட்டு அதுக்குத் தோதான மூட்டு. அதனாலதான் முதல்லயே சொன்னேன்.”

“திரும்ப வர வேண்டி வந்தா?”

“வாங்க. நான் எங்க போகப்போறேன்? அப்ப முழுசா மாத்திக்கலாம்.”

“தெறந்து பாத்தா மத்த பக்கமும் கெட்டுப் போயிருந்தா?”

“அங்கயே முழுசா மாத்திடுவேன். ரெண்டு செட்டும் கையில வெச்சிருப்பேன். அதுக்கும் சேத்துச் சம்மதம்னாத்தான் உள்ள வரணும். இப்ப பதில் சொல்லாதீங்க. ரூமுக்குப் போய் வீட்டுல பேசுங்க. மதியம் நானே வந்து கேக்கறேன்.”

அறைக்குத் திரும்பி வந்தேன். என் மனைவி என்னைப் பார்த்து, அதற்குள் முடிந்துவிட்டதோ என்று ஓடி வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெருக்கல் குறி வந்த இடத்தில் அவள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அவன் ஜன்னல் வழியே வானிலை பார்த்தான். அந்தக் கோமாளித்தனத்தை விட்டுவிட்டு நான் கடைசி விஷயத்துக்கு வந்தேன்.

“பாதியே போதும்னு சொல்லப்போறேன்.”

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். “ஒரு மாசமா நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்தினேன். அசையல. ஒரு அங்கிய மாட்டிவிட்டதும் வழிக்கு வந்துட்டீங்க. தெரிஞ்சிருந்தா நானே ஒண்ணு தெச்சுப் போட்டிருப்பேன்.”

“பயமா இருக்கு” என்றேன்.

“எனக்கும்தான்” என்றாள். கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆனா வீட்டுல சுவரயே வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கற ஆளவிட, ரெண்டாந்தடவ ஆஸ்பத்திரிக்கு வர்ற ஆளு எனக்குத் தேவல.”

மதியம் டாக்டர் வந்தார். சொன்னேன். புதிதாகக் கையெழுத்துப் போட்டேன். முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே இருந்தது எல்லாம் வேறு யாருடையதாகவோ ஆகிவிட்டது. மார்புக்கு முன்னால் ஒரு பச்சைத் திரை. தூக்கத்துக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். என் வீட்டில் கல் பெயர்க்கிறார்கள், நான் தூங்குவதா?

திரைக்குப் பின்னால் ஏதேதோ சத்தம். பிறகு எல்லாம் அடங்கியது. எனக்குத் தெரியும், இப்போது திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெளிப்பக்கம் நன்றாக இருந்தால் பாதி. இல்லையென்றால் முழுசு, சம்பந்தி, விசில், லெஃப்ட், ரைட். என் வாழ்க்கையில் எத்தனையோ பழைய தரைகளைப் பெயர்த்திருக்கிறேன். மேலே பளபளவென்று இருக்கும், தூக்கினால் அடியில் வெறும் பொடியாக இருக்கும். அந்தத் தரைகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

பொறுக்க முடியவில்லை. திரையைப் பார்த்துக் கத்தினேன்.

“டாக்டர்! வெளிப்பக்கம் எப்படி இருக்கு?”

“பேசாம படுங்க” என்றார் மயக்க மருந்து டாக்டர்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டரின் குரல் வந்தது. “அழகா இருக்கு. வெள்ளையா, வழவழன்னு, கீறல் இல்லாம. உங்க வயசுக்கு இப்படி நான் பாத்தது கொஞ்சம்தான். பாதியே போதும்.”

என் கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கை வரவில்லை, ஒன்றில் ஊசி, ஒன்றில் ரத்த அழுத்தப் பட்டை. பிறந்ததிலிருந்து என்னைச் சேர்ந்த எதையும் யாரும் அழகு என்று சொன்னதில்லை. என் மூக்கைப் பற்றி என் அம்மாவே சமாளித்துத்தான் பேசுவாள். கடைசியில் இப்படி ஒரு இடத்தில், நானே ஒருநாளும் பார்க்க முடியாத ஒரு மூலையில், நான் அழகாக இருந்திருக்கிறேன்!

பிறகு சுத்தியல் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக்.

“டாக்டர், ஓரத்துல பாத்துத் தட்டுங்க, உடைஞ்சிரும்.”

“மேஸ்திரி, இது என் வேலை” என்றார். திரைக்குப் பின்னால் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலமே பிடித்துக்கொண்டு நிற்க வைத்தார்கள், மறுநாள் நடக்க வைத்தார்கள். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வருவார். முகம் பூ மாதிரி, கை இடுக்கி மாதிரி. “இன்னும் கொஞ்சம் மடக்குங்க ஐயா” என்று அவர் சொல்லும் போதெல்லாம் நான் என் முன்னோர்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். சம்பந்தி பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். என் தழும்பையும் தன் தழும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார்.

“என்னோடதுதான் பெரிசு” என்றார், மிகுந்த திருப்தியோடு.

“சந்தேகமே இல்ல சம்பந்தி.”

வீக்கம் வடிந்தது. நடை வந்தது. படி இறங்குவது வந்தது. ஒருநாள் டாக்டர், “இனி மெதுவா மண்டி போட்டுப் பாருங்க. முதல்ல மெத்தை மேல. வலிச்சா நிறுத்திடுங்க. வேலைக்குப் போனா முழங்கால் மெத்தை இல்லாம தரையத் தொடக்கூடாது, காலையும் மாத்தி மாத்தி வைக்கணும். எல்லா பாரத்தையும் இதுக்கே குடுக்காதீங்க” என்றார். படுக்கை மேல் மண்டி போட்டுப் பழகினேன். தழும்புக்கு வெளியே ஒரு உள்ளங்கை அளவு தோல் மரத்துக் கிடந்தது, தொட்டால் பக்கத்து வீட்டுக்காரர் காலைத் தொடுகிற மாதிரி. ஆனால் உள்ளே இருந்தது என் கால்தான். எனக்குத் தெரிந்த, என்னோடு வம்பளக்கிற பழைய கால். படுக்கையில் போட முடிந்தது, கம்பளத்தில் போட முடிந்தது. கல்லும் கலவையுமாக ஒரு வெறும் தரையில் முடியுமா என்பதுதான் பாக்கி.

அதற்கு ஒரு கூடம் கிடைத்தது. நூலகம் ஒன்றின் வாசிப்பு அறை. அகலமான ஜன்னல்கள், மேசை நாற்காலி ஒன்றும் இன்னும் வரவில்லை. ரசமட்டம் காலையிலேயே போய் நூல் கட்டி, கலவை விரித்து வைத்திருந்தான். கதவுக்கு நேர் எதிரே முதல் கல் போக வேண்டும். நான் மெத்தையை முழங்காலில் கட்டினேன். பட்டையை இறுக்கினேன், தளர்த்தினேன், மறுபடி இறுக்கினேன்.

“மாமா, கலவை காயுது.”

“தெரியும்டா.”

வலது காலை முன்னால் ஊன்றினேன். கையைத் தரையில் வைத்தேன். இடது முழங்காலை, குளிர்ந்த தண்ணீரில் விடுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். உள்ளே எங்கேயோ ஒரு சின்ன ‘க்ளிக்’. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பாரத்தை விட்டேன். கால் வாங்கிக்கொண்டது. லேசாக அழுத்தியது, மரத்த தோல் என்னவோ போல் இருந்தது, அவ்வளவுதான். குத்தவில்லை. உளி இல்லை.

“கல்லக் குடு” என்றேன்.

அவன் கொடுத்தான். வைத்தேன். நாலு மூலையிலும் தட்டினேன். நூலோடு ஓரம் பொருந்தியது. நான் கொஞ்சம் நகர்ந்து, காலை மாற்றி வைத்து, இரண்டாவது கல்லைக் கேட்டேன். மூன்றாவது. தரையிலிருந்து பார்த்தால் அறை எவ்வளவு பெரிதாக இருக்கிறது! ஜன்னல் வெளிச்சம் தரை மேல் சாய்வாக விழுந்து, ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் போட்டுக் கொடுத்தது. இதெல்லாம் நின்றுகொண்டிருக்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. அவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

கதவுப் பக்கம் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. எங்கள் தொழிலில் ஆட்களை முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கிற வழக்கம் இல்லை, நிமிர்வதற்கு நேரம் ஏது? செருப்பு, நகம், நிற்கிற தோரணை, இதுவே போதும். இந்தப் பாதங்களின் கட்டைவிரல்கள் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு தவித்தன. சாப்பாட்டுப் பை கணுக்கால் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

“இங்க பக்கத்துல ஒரு வேலையா வந்தேன்” என்றாள் என் மனைவி.

“இங்க பக்கத்துல உனக்கு என்ன வேலை?”

“இருக்கக்கூடாதா?”

“கலவைய மிதிச்சிராத.”

“நான் ஏன் மிதிக்கறேன்.” மூக்கை உறிஞ்சினாள். இப்போதும் அவளுக்குச் சளி எதுவும் இல்லை. “வலிக்குதா?”

“இல்ல.”

“எழுந்திரிக்க முடியுமா?”

முடியுமா என்று எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. கையை ஊன்றி, வலது காலுக்குப் பாரத்தைக் கொடுத்து எழுந்தேன். ஒருவரும் அக்குளில் கை கொடுக்கவில்லை. நேராக நின்று, அவளைப் பார்த்துக் கையை விரித்தேன். அவள் சிரித்தாள். ரசமட்டம் கையில் கலவை பூசுகிற கரணையோடு, கைதட்டவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல், கரணையால் வாளியைத் தட்டினான்.

அவ்வளவுதான், காட்டியாகிவிட்டது என்று நான் மறுபடி இடது முழங்காலைத் தரைக்கு இறக்கினேன்.

“அதான் எழுந்திட்டீங்களே” என்றாள். “கொஞ்ச நேரம் உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டா என்ன?”

“இப்பதானேடி எறங்கியிருக்கேன்” என்றேன். “மச்சான், அடுத்த கல்லு.”